கணக்கு சொன்னது, கல் கேட்கவில்லை: ஆறு வயதுச் சிறுவனின் அதிர்வலை சிகிச்சை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்தே உடைக்கும் அதிர்வலை சிகிச்சை அது. முதல் அமர்வில் 2,000 அதிர்வுகள் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் பார்த்தால் கல் 11 மி.மீ. சிகிச்சைக்கு முன்பு 12. அந்த ஒரு மில்லிமீட்டர்கூட ஸ்கேன் எடுத்தவர் மாறியதால் வந்த வித்தியாசமாக இருக்கலாம். சிகிச்சைக்கு முந்தைய குறிப்பில் என் கையெழுத்திலேயே ஒரு வரி இருக்கிறது: "அதிர்வலைக்கு மிகப் பொருத்தமான குழந்தை."

அந்த வரி எப்படிப் பொய்த்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிறுவனை யாரென்று அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குழந்தை வந்தபோது

ஆறு வயது, 19 கிலோ. மூன்று மாதமாக விட்டுவிட்டு வயிற்று வலி. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொப்புளைத் தொட்டுக் காட்டுவான். விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் பெரியவர்களின் வலியைச் சின்னக் குழந்தைகளிடம் எதிர்பார்க்க முடியாது. அதனால் வயிற்றுக்கோளாறு என்று மருந்துகளை ஒரு சுற்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் பலரும் எங்களிடம் வருகிறார்கள். இவனும் அப்படித்தான். ஒருநாள் காலையில் சிறுநீர் செம்பழுப்பாகப் போனதும் பெற்றோர் பதறிப்போய் அழைத்துவந்தார்கள்.

அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகத்தின் பெல்விஸில் ஒரு கல். பெல்விஸ் என்பது சிறுநீர் எல்லாப் பக்கமிருந்தும் வந்து சேர்ந்து குழாய்க்குள் இறங்கும் புனல் மாதிரியான இடம். சிறுநீரகம் லேசாக வீங்கியிருந்தது. வலது பக்கம் சுத்தம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் சரி, இரத்தம் உறையும் தன்மை சரி, சிறுநீர் கல்ச்சரில் கிருமி இல்லை. கடைசி இரண்டையும் நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம். இரத்தம் உறையாத குழந்தைக்கு அதிர்வலை கொடுத்தால் சிறுநீரகத்தைச் சுற்றி இரத்தம் கட்டும். கிருமி உள்ள சிறுநீரில் கல்லை உடைத்தால் அந்தக் கிருமி இரத்தத்தில் கலந்து, காய்ச்சல் கைமீறிப் போகலாம்.

குறைந்த கதிர்வீச்சில் ஒரு சி.டி. எடுத்தோம். கல் 12 × 9 × 8 மி.மீ. அடர்த்தி 640 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு). தோலிலிருந்து கல்லுக்குள்ள தூரம் 5 செ.மீ. குழாயில் அடைப்போ பிறவிக் கோளாறோ இல்லை. இதற்கு முன் அறுவை எதுவும் செய்ததில்லை. குடும்ப வரலாறு என்ற கட்டத்தில் "இல்லை" என்று டிக் போட்டிருந்தது. அந்த டிக்குக்குப் பிறகு வருகிறேன்.

கணக்கு என்ன சொன்னது

மனித உடலுக்குள் இருக்கும் கல்லை வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைத்தது முதன்முதலில் 1980 பிப்ரவரியில், மியூனிக்கில். அந்தக் கருவியை உருவாக்கிய டோர்னியர், அப்போது விமானம் செய்துவந்த நிறுவனம். வேகமாகப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதும்போது உலோகத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்த ஆட்கள், அதே அதிர்வை ஒரு கல்லின் மேல் குவித்தால் என்ன என்று யோசித்தார்கள். சில ஆண்டுகளிலேயே குழந்தைகளுக்கும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கு இது நன்றாகவே பலித்தது. உடல் மெல்லியது, அலை வழியில் அதிகம் வீணாவதில்லை. குழந்தையின் சிறுநீர்க்குழாய் நீளம் குறைவு, நன்றாக விரிந்துகொடுக்கும். அதனால் பெரியவருக்குச் சிக்கிக்கொள்ளும் அளவுள்ள துண்டுகூடக் குழந்தைக்கு இறங்கிவிடும்.

எந்தக் குழந்தைக்குப் பலிக்கும், எதற்குப் பலிக்காது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? துருக்கியிலிருந்து 2013-லும் 2015-லும் குழந்தைகளுக்கென்றே இரண்டு கணிப்பு அட்டவணைகள் வந்தன. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, வயது, கல்லின் அளவு, எண்ணிக்கை, இடம், அதே சிறுநீரகத்தில் முன்பு நடந்த சிகிச்சை போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டவை. வயது குறைந்தால் நல்லது, ஒற்றைக் கல் நல்லது, சின்னக் கல் நல்லது, பெல்விஸில் இருந்தால் நல்லது, முன்பு சிகிச்சை நடந்திராவிட்டால் நல்லது. எங்கள் சிறுவனை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். அளவு மட்டும் நடுத்தரம், மற்றதெல்லாம் முழு மதிப்பெண்.

அப்புறம் டிரிபிள்-டி என்று இன்னொரு கணக்கு. பெரியவர்களுக்காக உருவானது. கல்லின் கன அளவு 150 மைக்ரோலிட்டருக்குக் (ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு கன மி.மீ.) கீழே, அடர்த்தி 600-க்குக் கீழே, தோலிலிருந்து தூரம் 12 செ.மீ.-க்குக் கீழே. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், மொத்தம் மூன்று. இதை அப்படியே குழந்தைகளுக்குப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 19 கிலோ குழந்தையின் தோலுக்கும் கல்லுக்கும் நடுவே 12 செ.மீ. எங்கிருந்து வரும்? அந்த மதிப்பெண் எல்லாக் குழந்தைக்கும் இலவசம். எல்லோருக்கும் கிடைக்கும் மதிப்பெண் யாரையும் பிரித்துக் காட்டாது.

ஆனால் மற்ற இரண்டு? நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் கன அளவு கிட்டத்தட்ட 450 மைக்ரோலிட்டர். மதிப்பெண் இல்லை. அடர்த்தி 640, எல்லையைத் தாண்டி 40. அதற்கும் இல்லை. இலவச மதிப்பெண்ணைக் கழித்துவிட்டால் சிறுவனின் டிரிபிள்-டி பூஜ்ஜியம்.

ஒரு கணக்கு "பிரமாதம்" என்கிறது, இன்னொன்று "வேண்டாம்" என்கிறது. நாங்கள் என்ன செய்தோம்? பெரியவர்களின் கணக்கு குழந்தைக்குப் பொருந்தாது என்று சொல்லி இரண்டாவதை ஒதுக்கினோம். 640-க்கும் 600-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றோம். 1,000-க்கு மேல் போனால்தானே கவலை என்றும் ஒருவர் சொன்னார். அது நான்தான்.

இரண்டு கேள்விகள்

அதிர்வலை சிகிச்சையில் "வெற்றி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. கல் உடைய வேண்டும். உடைந்தது வெளியேற வேண்டும்.

கல் உடையுமா என்பதைத் தீர்மானிப்பது கல்லின் சேர்மானம், உள்ளமைப்பு, பருமன், அதைப்போய்ச் சேரும் அலையின் வலு. உடைந்தது வெளியேறுமா என்பதைத் தீர்மானிப்பது இடம், சிறுநீரகத்தின் வடிவம், குழாயின் தன்மை, குழந்தையின் வயது. சிறுநீரகத்தின் கீழ்முனையில் இருக்கும் கல் பொடிப்பொடியாக உடைந்தாலும் அங்குள்ள கிண்ணம் போன்ற குழிக்குள்ளேயே தங்கிவிடலாம், ஏனென்றால் துகள் மேல்நோக்கி ஏறித்தான் வெளியே வர வேண்டும். பெல்விஸில் இருக்கும் கல்லுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் உடையவே இல்லையென்றால் வாசற்படியில் இருந்து என்ன பயன்?

குழந்தைகளுக்கான கணிப்பு அட்டவணைகள் இரண்டையும் ஒரே கூட்டலில் போட்டுவிடுகின்றன. அதில் தப்பு என்று சொல்ல மாட்டேன். நூறு குழந்தைகளுக்குச் சேர்த்துச் சொல்லும்போது பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட் வகையாக இருக்கும், பெரும்பாலும் உடையும். அப்போது யாருக்கு வெளியேறும் என்பதுதான் வித்தியாசத்தைக் காட்டும். உடையாத கல் அந்தக் கூட்டத்தில் ஓரிரண்டுதான் இருக்கும், சராசரியில் கரைந்துபோகும். எங்கள் சிறுவன் அந்த ஓரிரண்டில் ஒருவன். வெளியேறும் வசதி அத்தனையும் அவனுக்கு இருந்தது. அந்த மதிப்பெண்கள் சேர்ந்து, உடையாது என்ற ஒரே ஒரு செய்தியை மறைத்துவிட்டன.

ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதலில் குழந்தைகளின் அதிர்வலை சிகிச்சைக்குக் கொடுத்திருக்கும் எண்களைப் பாருங்கள். கல் முழுதும் நீங்குவது 70 முதல் 90 விழுக்காடு. மறு அமர்வு தேவைப்படுவது 4 முதல் 50 விழுக்காடு. முதல் எண் எல்லோர் கண்ணிலும் படும். நான் பார்ப்பது இரண்டாவதை. 4 எங்கே, 50 எங்கே! ஓரிடத்தில் ஒரே அமர்வில் முடிவதை "வெற்றி" என்கிறார்கள், இன்னோரிடத்தில் மூன்று அமர்வுக்குப் பிறகு முடிந்தாலும் "வெற்றி" என்கிறார்கள். சிலர் 4 மி.மீ.-க்குக் குறைவான துண்டு மிச்சமிருந்தால் அதையும் வெற்றிக் கணக்கில் சேர்க்கிறார்கள். குழந்தையைப் பொறுத்தவரை ஒவ்வோர் அமர்வும் ஒரு மயக்க மருந்து. மிச்சமிருக்கும் துண்டு இன்னும் அறுபது எழுபது வருடம் வளர நேரம் உள்ள துண்டு.

மேசையில்

சிகிச்சை பலிக்காதபோது முதலில் நம் கையைத்தான் சந்தேகப்பட வேண்டும். அதனால் அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முழு மயக்கம் கொடுத்தோம். இந்த வயதில் அசையாமல் படு என்று சொல்லிப் பயனில்லை. மூச்சு விடும்போது சிறுநீரகம் மேலும் கீழும் நகரும், அதனால் மயக்கவியல் மருத்துவரிடம் மூச்சின் அளவைச் சிறிதாக வைத்துக்கொள்ளச் சொன்னோம். குழந்தையின் நுரையீரல் சிறுநீரகத்துக்கு வெகு அருகில் இருக்கும். அலை அதில் பட்டால் இரத்தக் கசிவு வரலாம், எனவே விலாவின் மேல்பக்கம் ஃபோம் வைத்து மறைத்தோம். காற்று நிரம்பிய ஃபோம் அலையைத் தடுத்துவிடும்.

அதே காற்றுதான் வேறோர் இடத்தில் எதிரி. கருவியின் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே தடவும் ஜெல்லில் காற்றுக் குமிழ் இருந்தால், அந்த அளவுக்கு அலை உள்ளே போகாது. ஆய்வகச் சோதனையில், தொடும் பரப்பில் வெறும் 2 விழுக்காட்டைக் காற்று மூடியிருந்தாலே கல் உடைவது 20 முதல் 40 விழுக்காடு குறைந்தது. நான் ஜெல்லைக் குவியலாக நடுவில் கொட்டி, குழந்தையை மெதுவாக அதன் மேல் இறக்குவேன். கையால் தேய்த்துப் பரப்பினால் குமிழ் வந்துவிடும். ஒருமுறை இறக்கிய பிறகு தூக்கி மறுபடி வைப்பதும் கூடாது. அன்று ஒருமுறை சரியாகப் பொருந்தாமல் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. துடைத்துவிட்டுப் புது ஜெல் போட்டோம். குறிப்பில் அது இருக்கிறது.

வேகம் நிமிடத்துக்கு 60. 120-இல் போனால் பாதி நேரத்தில் முடியும், ஆனால் கல் மோசமாக உடையும். ஒவ்வோர் அலைக்குப் பின்னும் கல்லைச் சுற்றி நுண்குமிழிகள் கிளம்பும். அவை அடங்குவதற்குள் அடுத்த அலை வந்தால் அந்தக் குமிழ்த்திரையே அதை விழுங்கிவிடும். வலுவை மிகக் குறைவிலிருந்து படிப்படியாக ஏற்றினோம். அப்படி ஏற்றினால் சிறுநீரகத்துக்குக் காயம் குறைகிறது என்று பன்றிகளின் மேல் நடந்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. குறி வைத்தது அல்ட்ராசவுண்டில், நூறு அதிர்வுக்கு ஒருமுறை சரிபார்த்தோம்.

வழக்கமாக 800, 1,000 தாண்டும்போது திரையில் கல்லின் ஓரம் மங்கும், பரவும், சில சமயம் துகள்கள் பெல்விஸுக்குள் மிதப்பது தெரியும். இந்தக் கல் 2,000 வரை ஓரம் கூர்மையாக, அப்படியே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் நின்ற டெக்னீஷியன், "டாக்டர், இது அசையவே மாட்டேங்குதே" என்றார். நான் ஸ்கேனைக் குறை சொன்னேன்.

மடித்த தாள்

வீட்டுக்கு அனுப்பும்போது சிறுநீரைத் துணியில் வடிகட்டி, தங்குவதைப் பத்திரமாக எடுத்துவரச் சொல்வோம். பெரும்பாலான பெற்றோர் மணல் மாதிரி ஒரு கைப்பிடிப் பொடியோடு வருவார்கள், சிலர் பெருமையோடு. இந்தத் தாய் ஒரு வெள்ளைத்தாளை எட்டாக மடித்துக் கொண்டுவந்தார். பிரித்தால் இரண்டே துகள், கடுகில் பாதி இருக்கும். இளமஞ்சள் நிறம், மெழுகு போன்ற பளபளப்பு. ஆக்சலேட் துகள் இப்படி இருக்காது. அது பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும்.

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கல் வந்திருக்கிறதா அம்மா?"

"அன்றைக்கே கேட்டார்களே டாக்டர். எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை, பாப்பாவுக்கும் இல்லை."

"அண்ணன் தம்பி?"

"எங்கள் அண்ணனுக்கு உண்டு. பதினைந்து வயதிலிருந்தே. நாலு தடவை எடுத்திருக்கிறார்கள்."

எங்கள் படிவத்தில் "பெற்றோர், உடன்பிறந்தோர்" என்றுதான் அச்சிட்டிருந்தது. குழந்தையின் உடன்பிறந்தோர் என்று அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டு, சரியாகத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். தாய்மாமாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

புதிதாக விட்ட காலைச் சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்தோம். அறுகோணப் படிகங்கள், தேன்கூட்டிலிருந்து பிய்த்த அறைகள் போல. வேறெந்தக் கல்லுக்கும் அந்த வடிவம் வராது. துகளை அகச்சிவப்பு நிறமாலைச் சோதனைக்கு அனுப்பியதில் முடிவு உறுதியானது: சிஸ்டைன்.

சிஸ்டினூரியா ஒரு மரபுநோய். சிஸ்டைன், ஆர்னிதின், லைசின், ஆர்ஜினின் ஆகிய நான்கு அமினோ அமிலங்களைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்ச முடியாமல் வெளியே விட்டுவிடுகிறது. மற்ற மூன்றும் சிறுநீரில் கரையும். சிஸ்டைன் லிட்டருக்குச் சுமார் 250 மி.கி. அளவுதான் கரையும், மிச்சம் படிகமாகும். பெரியவர்களின் கற்களில் இது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். குழந்தைகளில் விகிதம் அதைவிடப் பல மடங்கு. குழந்தைக்குக் கல் என்றால் இதை நினைக்காமல் விடக்கூடாது என்று மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

அது ஏன் உடைவதில்லை? ஆக்சலேட் கல் கண்ணாடி மாதிரி: கெட்டி, ஆனால் விரிசல் விட்டால் ஓடும். சிஸ்டைன் அவ்வளவு கெட்டி இல்லை, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதிர்வலையின் அழுத்தத்தை வாங்கிக்கொண்டு, விரிசல் பரவ விடாது. அடர்த்தி எண் இங்கேதான் ஏமாற்றுகிறது. 640 என்பது எக்ஸ்-கதிர் எவ்வளவு தடைபட்டது என்ற கணக்கு. சுத்தியல் அடிக்கு எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு அல்ல.

படத்தைத் திரும்பப் பார்த்தபோது

அன்று மாலை சி.டி.யை மறுபடி திறந்தேன். வழக்கமாகப் பார்க்கும், வயிற்று உறுப்புகளுக்கான வெளிச்ச அமைப்பில் எந்தக் கல்லும் ஒரு வெள்ளைப் பொட்டுதான், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. எலும்புக்கான அமைப்புக்கு மாற்றினால்தான் கல்லின் உள்பக்கம் தெரியும். உள்ளே கருமையான புள்ளிகள், அடுக்குகள், குழிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் நன்றாக உடையும், ஏனென்றால் ஒவ்வோர் அடுக்கின் எல்லையும் விரிசல் தொடங்கும் இடம். சிஸ்டைனிலேயே சொரசொரப்பான வகை, வழுவழுப்பான வகை என்று இரண்டு உண்டு. உள்ளே குழிகள் உள்ள சொரசொரப்பான வகை ஓரளவு உடையும். இந்தக் கல்லுக்குள் எங்கே தொட்டாலும் ஒரே சாம்பல் நிறம். ஓரத்தில் 630, நடுவில் 645, எதிர்ப்பக்கம் 638. இத்தனை சீராக ஆக்சலேட் கல் இருந்து நான் பார்த்ததில்லை.

சாதாரண எக்ஸ்ரேயும் கோப்பில் இருந்தது. முதல் நாள் எடுத்தது. 12 மி.மீ. கால்சியம் கல் என்றால் எலும்பைப் போல் பளிச்சென்று தெரிந்திருக்கும். இது உரசிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல, மங்கலாக, சீராக. அறிக்கையில் "லேசாகப் புலப்படும் கல்" என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் சி.டி.க்கு அனுப்பியிருந்தேன்.

ஆக, நம்மிடம் இருந்த தகவல்கள்: மங்கலான எக்ஸ்ரே, 12 மி.மீ.-க்குப் பொருந்தாத நடுத்தர அடர்த்தி, உள்ளே வேறுபாடே இல்லாத கல், ஆறு வயது. கூடவே கேட்காத ஒரு கேள்வி. எந்த அட்டவணையும் இவற்றுக்குக் கட்டம் வைத்திருக்கவில்லை. கட்டம் இல்லாததால் நாங்களும் பார்க்கவில்லை. சிறுநீர் நுண்ணோக்கிச் சோதனை ஐந்து நிமிட வேலை. அதை முதல் நாளே செய்திருந்தால் இந்த அமர்வே நடந்திருக்காது.

ஜெல்லில் குமிழ் இருந்திருக்குமா என்று இன்னமும் ஒரு சந்தேகம் வரும். தூக்கி வைத்த அந்த ஒரு தடவை மனதில் உறுத்துகிறது. ஆனால் திரையில் குறி கடைசிவரை விலகவில்லை, அதே கருவியில் அதே வாரம் இன்னொரு குழந்தையின் 10 மி.மீ. கல் பொடியானது. கருவியின் மேல் பழி போட வழியில்லை.

அடுத்து

இரண்டாவது அமர்வு வேண்டுமா என்று பேச்சு வந்தது. முதல் அமர்வில் கொஞ்சமும் உடையாத கல்லுக்கு அதே சிகிச்சையை மறுபடி கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓரளவு உடைந்திருந்தால் யோசிக்கலாம். பெற்றோரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்போ அந்த மயக்க மருந்து வீண்தானா சார்?" ஆமாம் என்றேன்.

மினி பி.சி.என்.எல். செய்தோம். முதுகுப்பக்கம் சின்னத் துளை போட்டு, மெல்லிய கருவியை நேராகப் பெல்விஸுக்குள் விட்டு, லேசரால் கல்லை உடைத்துத் துண்டு துண்டாக வெளியே எடுப்பது. அதிர்வலைக்கு மசியாத சிஸ்டைன், பக்கத்தில் வைத்துச் சுடும் லேசருக்கு மசியும். உடைக்கும்போது அழுகிய முட்டை மாதிரி ஒரு வாடை அறையெங்கும் வந்தது. சிஸ்டைனில் உள்ள கந்தகம். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனான். ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் எடுத்த ஸ்கேனில் துகள்கூட இல்லை.

கல் போனாலும் நோய் போகவில்லை. சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் தொடங்கி, சிறுநீரின் பி.எச். 7.5-ஐ ஒட்டி நிற்கும்படி அளவைச் சரிசெய்தோம். அந்த அளவில் சிஸ்டைன் நன்றாகக் கரையும். உப்பைக் குறைக்கச் சொன்னோம். தண்ணீர் பகலில் மட்டும் போதாது, இரவிலும் ஒருமுறை எழுந்து குடிக்க வேண்டும், ஏனென்றால் சிறுநீர் கெட்டியாகிப் படிகம் சேர்வது தூக்கத்தில்தான். இதெல்லாம் போதாமல் கல் திரும்பி வந்தால் சிஸ்டைனைக் கரைய வைக்கும் டயோப்ரோனின் மாதிரி மருந்து இருக்கிறது, இப்போதைக்குத் தேவைப்படவில்லை.

மூன்று வயதுத் தங்கையையும் அழைத்துவரச் சொன்னோம். அவளுடைய சிறுநீரிலும் அறுகோணங்கள். சிறுநீரகத்தில் கல் இல்லை, இன்னும். தாய்மாமா தன் பழைய கோப்புகளோடு வந்தார். நாலு சிகிச்சையில் ஒன்றிலும் கல்லைச் சோதனைக்கு அனுப்பியிருக்கவில்லை.

படிவத்தில் அந்த வரியை மாற்றினோம்: "தாய்வழி, தந்தைவழி உறவில் யாருக்காவது முப்பது வயதுக்குள் கல் வந்ததா?" அதற்குக் கீழே இன்னொரு கட்டம், காலைச் சிறுநீரின் நுண்ணோக்கி முடிவுக்கு. அது காலியாக இருந்தால் அதிர்வலைக்கு நாள் குறிப்பதில்லை.

சிறுவன் போன மாதம் வந்திருந்தான். பி.எச். பார்க்கும் காகிதப் பட்டையை இப்போது அவனே நனைத்துப் பார்க்கிறானாம். நீலப்பச்சை வந்தால் தங்கையிடம் காட்டிவிட்டு வருவானாம். மஞ்சளாக வந்தால் யாரும் சொல்லாமலே தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்வான் என்று அம்மா சொன்னார்.